பலகையில் இன்னொரு வரி வேண்டும்

எங்கள் ஊரில் 1962-இல் இருந்து ஒரு வழக்கு நடக்கிறது. இன்னும் தீர்ப்பு வரவில்லை. கட்சிக்காரர்கள் இருவரும் பல்லவ அரசர்கள். இருவருக்கும் நரசிம்மவர்மன் என்றே பெயர். ஒருவர் கொள்ளுத்தாத்தா, இன்னொருவர் கொள்ளுப்பேரன். மாமல்லபுரத்துப் பாறைகளில் ரதங்களையும் மண்டபங்களையும் வெட்டுவித்தது யார் என்பதுதான் விவகாரம். 642-இல் வாதாபியைப் பிடித்த மாமல்லனா, 700-ஐ ஒட்டிப் பட்டத்துக்கு வந்த ராஜசிம்மனா? இவர்களுக்கு முன்னும் இடையிலும் ஆண்டவர்களுக்குப் பங்கு உண்டா, இல்லையா?

நான் கல்வெட்டு படிக்கிறவன் இல்லை, கல் வெட்டுகிறவன். அப்பா காலத்தில் இருந்து இதே ஊரில்தான் பட்டறை. இந்த விவகாரத்தைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதியதில் கைக்குக் கிடைத்ததை எல்லாம் படித்திருக்கிறேன். பாதி புரியும். புரியாததை ரதத்தடியில் போய் நின்று பார்த்துக்கொள்வேன். யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. இப்படி ஒரு வழக்கு நடப்பதே ஊருக்கு வருகிறவர்களுக்குத் தெரிவதில்லை. ரதத்தைச் சுற்றிப் பார்க்கிறவர் ஒரு நூற்றாண்டையும் ஒரு ராஜாவின் பெயரையும் கேட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார். அந்த நூற்றாண்டும் பெயரும் எந்த ஆதாரத்தில் வந்தன என்று யாரும் அவருக்குச் சொல்வதில்லை. இந்த ஊரில் பார்ப்பதற்கு ருசியான விஷயமே அதுதான்.

பழைய கணக்கு எளிமையானது. புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ரேய், 1924-க்கும் 1930-க்கும் இடையில் பல்லவர் கட்டடக்கலையைப் பற்றி மூன்று பகுதிகள் எழுதிய லாங்ஹர்ஸ்ட் போன்றவர்கள் தூண்களின் வடிவத்தை வைத்துக் காலத்தைப் படிப்படியாகப் பிரித்தார்கள். முதல் படி மகேந்திரவர்மன். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டில் கல்வெட்டு வைத்த விசித்திரசித்தன் அவன்தான். அவனுடைய குடைவரைகளில் தூண் தடிமனாக இருக்கும். மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை. இரண்டாம் படி அவன் மகன் மாமல்லன். தூண் மெலிந்து அதன் அடியில் சிங்கம் வந்து உட்காருகிறது. பாறையை உள்ளே குடைந்தது போக வெளிப்புறமும் செதுக்கி ரதமாக்குகிறார்கள். மூன்றாம் படி ராஜசிம்மன். வெட்டிய கல்லை அடுக்கிக் கட்டும் கோயில் அவன் காலத்தில் வருகிறது. இங்கே கடற்கரைக் கோயில், காஞ்சியில் கைலாசநாதர். குடைவரை, ஒற்றைக்கல், கட்டுமானம் என்று மூன்றே படி. பரீட்சைக்கு மனப்பாடம் செய்ய இதைவிட வசதியான பாடம் கிடையாது.

தென்னிந்தியத் தொல்லியல் கழகத்தின் வெள்ளிவிழா மலரில் 1962-இல் இரா. நாகசாமி எழுதிய கட்டுரை இந்தப் படிகளை மொத்தமாகத் தள்ளியது. அப்போது அவருக்கு முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேல். தமிழகத் தொல்லியல் துறைக்கு முதல் இயக்குநரானது அதற்குப் பிறகு. மாமல்லபுரத்தில் இருப்பது அத்தனையும் ராஜசிம்மன் ஒருவன் செய்வித்தது என்றார் அவர். விதவிதமான தூண்கள் இருக்கின்றனவே என்றால், அந்த அரசன் விதவிதமாகக் கேட்டான், சிற்பிகள் செய்தார்கள் என்பது பதில்.

அவர் சும்மா சொல்லவில்லை. தர்மராஜ ரதத்தின் மூன்றாம் தளத்தில் மேற்குப் பக்கம் ‘அத்யந்தகாம பல்லவேசுவர கிருகம்’ என்று வெட்டியிருக்கிறது. கணேச ரதத்திலும் தர்மராஜ மண்டபத்திலும் உள்ள சுலோகங்களும் அத்யந்தகாமன் எடுப்பித்த கோயில் என்றே சொல்கின்றன. அத்யந்தகாமன் என்பது பட்டப்பெயர். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பிராகாரத்தைச் சுற்றியுள்ள சிறு சன்னதிகளில் ராஜசிம்மனுடைய பட்டங்கள் நூற்றுக்கணக்கில் வரிசையாக வெட்டியிருக்கின்றன. அந்த வரிசை தொடங்கும்போதே ராஜசிம்மன், அத்யந்தகாமன், ரணஜயன் என்று அடுத்தடுத்து வருகிறது. தர்மராஜ ரதத்திலும் ரணஜயன் உண்டு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

எதிர்த்தரப்புக்கும் பதில் இருந்தது. பேரன் தாத்தாவின் பெயரையே வைத்துக்கொள்ளும் வம்சத்தில் பட்டங்களும் கைமாறாதா? அத்யந்தகாமன் ராஜசிம்மனின் தந்தை பரமேசுவரவர்மன்தான் என்று வாதாடியவர்கள் உண்டு. எழுத்தை வைத்தும் ஒரு வாதம். 1890-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியை வெளியிட்ட ஹூல்ஷ், தர்மராஜ ரதத்தில் நரசிம்மன் என்ற பெயரும் அதோடு சேர்ந்த பட்டங்களும் பழைய எழுத்தில் இருப்பதாகவும், அத்யந்தகாமன் பெயர் பின்னால் வந்த ஓர் அரசன் சேர்த்தது என்றும் கருதினார். எழுத்து பழசு, ஆகவே ஆள் பழசு.

நாகசாமியின் வாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இங்கேதான் வருகிறது. காஞ்சி கைலாசநாதருக்கே போய்ப் பாருங்கள். ஒரே அரசனின் ஒரே பட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வெவ்வேறு எழுத்து வகைகளில் வெட்டியிருக்கிறார்கள். சில எளிமையானவை, சில கொடி சுற்றியதைப் போல அலங்காரமானவை, ஒரு வரிசை நாகரி. எங்கள் ஊருக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் அதிரணசண்ட மண்டபத்தில் ஒரு சுவரில் கிரந்தமும் எதிர்ச்சுவரில் நாகரியும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. எழுத்தின் தோற்றத்தை வைத்து ஐம்பது வருஷத்தைப் பிரிக்க முடியும் என்று நம்புகிறவர்கள் இந்தச் சுவர்களுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

தூண் விஷயத்தில் பட்டறைக்காரனாக நானும் சாட்சி சொல்லலாம். எங்கள் பட்டறையில் ஒரே மாதத்தில் மூன்று காலத்துச் சிலைகள் உருவாகும். கோயிலுக்கு அம்மன் கேட்டால் சோழர் பாணி. ஓட்டல்காரருக்குப் பல்லவர் பாணித் துவாரபாலகர் வேண்டும். அயல்நாட்டுக்குப் போகிற புத்தருக்கு வேறு முகம். பெரியவர் ஒருவர் பழைய முறைப்படி சிங்கத்துக்குப் பிடரி சுருட்டிக்கொண்டிருப்பார், பக்கத்தில் அவருடைய மருமகன் அதே சிங்கத்தைக் கட்டர் மெஷினில் வேறு மாதிரி இழைத்துக்கொண்டிருப்பான். ஆயிரம் வருஷம் கழித்து எங்கள் பட்டறையைத் தோண்டுகிறவர் மூன்று வம்சத்தின் பெயரைச் சொன்னால் அவரைக் குறை சொல்ல முடியாது. பஞ்ச ரதங்களையே பாருங்கள். திரௌபதி ரதம் குடிசை, பீமன் ரதம் வண்டிக்கூடு, தர்மராஜ ரதம் அடுக்கடுக்காக உயர்கிறது, சகாதேவன் ரதம் யானை முதுகு. ஐந்தில் சகாதேவன் ரதம் தவிர மற்ற நான்கும் ஒரே நீளப் பாறையில் இருந்து வெட்டியவை. பக்கத்து ரதத்துக்கு எவ்வளவு பாறை விட வேண்டும் என்று தெரியாமல் எவனும் உளியை வைத்திருக்க மாட்டான். ஒரே திட்டத்தில் மூன்று கூரை வகை. வடிவம் மாறியதால் காலம் மாறியது என்று சொல்ல இடமில்லை.

இதுவரை கேட்டால் நான் நாகசாமி கட்சி என்று தோன்றும். முழுக்க இல்லை.

கருங்கல்லில் வேலை செய்தவனுக்கு ஒன்று தெரியும். ஆள் கூடினால் வேலை வேகமாக முடியும் என்பது ஓர் அளவுக்குத்தான். எங்கள் ஊரில் பாதியில் நின்ற மண்டபங்களே பாடப்புத்தகம். பாறை முகத்தில் கட்டம் கட்டமாகப் பள்ளம் வெட்டி, இடையில் நிற்கும் புடைப்புகளைத் தட்டி எடுத்து, மறுபடியும் கட்டம் வெட்டி உள்ளே போயிருக்கிறார்கள். குடைகிற வாயில் இரண்டு பேர், மூன்று பேர்தான் நின்று சுத்தி வீச முடியும். கஜானாவைத் திறந்துவிட்டாலும் நான்காவது ஆளுக்கு இடம் இல்லை. உளி முனை மழுங்கிக்கொண்டே இருக்கும், அதைக் காய்ச்சிக் கூராக்கக் கொல்லன் உலை ஓயாமல் எரிய வேண்டும். இத்தனையையும் ராஜசிம்மன் ஒருவன் ஆட்சியில், காஞ்சி கைலாசநாதரையும் பனைமலைக் கோயிலையும் கட்டிக்கொண்டே செய்திருக்க முடியுமா? முடியாது என்று சத்தியம் செய்ய மாட்டேன். பல மண்டபங்களில் ஒரே சமயத்தில் வேலை நடந்திருக்கலாம். ஆனாலும் கை தயங்குகிறது.

தயக்கத்தை வலுவாக்கியவர்கள் தாம்பரத்தில் இருந்தார்கள். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்த மைக்கேல் லாக்வுட், புள்ளியியல் பேராசிரியர் கிப்ட் சிரோமணி, தாவரவியல் பேராசிரியர் தயானந்தன். மூவரில் ஒருவர்கூட வரலாற்றுத் துறை இல்லை. அதனாலோ என்னவோ, எண்ணிப் பார்க்கத் துணிந்தார்கள். கிரீடம் எப்படி, காதில் என்ன, பூணூல் வலக்கைக்கு மேலே போகிறதா கீழேயா, பெண் உருவங்களுக்கு மார்க்கச்சை உண்டா என்று சிலை சிலையாகப் பார்த்துக் குறித்தார்கள். 1974-இல் புத்தகமாக வந்தது. அவர்களுடைய பலமான சாட்சி சோமாஸ்கந்தர். சிவன், உமை, நடுவில் குழந்தை முருகன். ராஜசிம்மன் கட்டிய கோயில்களில் இந்தப் பலகைச் சிற்பம் திரும்பத் திரும்ப வரும், ஒரே அச்சில் வார்த்ததைப் போல. தர்மராஜ ரதத்தின் மேல்தளக் கருவறையிலும் ஒரு சோமாஸ்கந்தர் இருக்கிறார். சிவன் எந்தக் காலைத் தொங்கவிட்டிருக்கிறார், கை எப்படி, உமை எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒப்பிட்டால் இது அந்த அச்சில் சேரவில்லை. ஆகவே இது ராஜசிம்மனுக்கு முந்தியது என்றார்கள்.

தூணை வைத்துச் சொன்ன வாதத்தை நம்பாத நான் இதை மட்டும் எப்படி நம்புகிறேன்? காரணம் உண்டு. தூணில் சிங்கம் வைப்பதும் விடுவதும் கேட்கிறவர் விருப்பம். கருவறை மூர்த்தி அப்படி இல்லை. மூர்த்திக்கு ஸ்தபதி அளவு போட்டு, கோடு இழுத்துக் கொடுக்கிறார். அந்தக் கோடு ஒருமுறை மாறி நிலைத்துவிட்டால் அப்புறம் எல்லோரும் அதையே வெட்டுவார்கள். உளி பிடித்தவன் தன் இஷ்டத்துக்குச் சிவனின் காலை மாற்ற மாட்டான், இன்றைக்கும் மாற்றுவதில்லை. மாறியிருந்தால் மேலே யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். அந்த முடிவுக்கு முன், பின் என்று காலத்தைப் பிரிப்பதில் நியாயம் இருக்கிறது. என் அபிப்பிராயம் இதுதான்: தூண்களை வைத்துப் போட்ட படிகள் நிற்காது என்பதில் நாகசாமி சொன்னது சரி, ஊர் முழுக்க ஒருவனுடையது என்பதில் தாம்பரத்துக்காரர்கள் கேட்ட கேள்விகள் சரி. தர்மராஜ ரதத்தை ஒருவர் தொடங்கி இன்னொருவர் பெயரிட்டிருக்கிறார் என்றே நினைக்கிறேன். ரதம் மேலிருந்து கீழாக வெட்டியது. உச்சி முடிந்திருக்கிறது, தரைத்தளம் முடியவில்லை. யாரோ ஒருவர் காலத்தில் கொல்லன் உலை அணைந்துபோனது.

“பெயர்ப்பலகை மாதிரி ஒரு கல்வெட்டு இருந்தால் இந்தச் சண்டையே வராதே” என்று சொல்வார்கள். ஆதிவராக மண்டபத்துக்குப் போக வேண்டும். அங்கே இரண்டு அரசர்கள், தேவிமாருடன், ஆளுயரத்துக்குச் சுவரில் இருக்கிறார்கள். ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் தேவியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தலைக்கு மேல் பெயரும் வெட்டியிருக்கிறது. ஒருவர் சிம்மவிண்ண போத்தராதிராசன், மற்றவர் மகேந்திர போத்தராதிராசன். இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்? 1926-இல் கிருஷ்ண சாஸ்திரி இவர்களை சிம்மவிஷ்ணு, அவர் மகன் முதலாம் மகேந்திரன் என்றார். சிம்மவிண்ண என்றால் நரசிம்மவிஷ்ணு, ஆகவே முதலாம் நரசிம்மனும் அவன் மகன் இரண்டாம் மகேந்திரனும் என்றார்கள் வேறு சிலர். நாகசாமி கணக்கில் ராஜசிம்மனும் அவன் மகன் மூன்றாம் மகேந்திரனும். பெயர் எழுதி ஒட்டிய பிறகும் இரண்டு உருவங்களுக்கு மூன்று குடும்பங்கள் உரிமை கேட்கின்றன, நடுவில் நூறு வருஷத்துக்கு மேல் வித்தியாசம். போதாக்குறைக்கு அதே மண்டபத்தின் தரையில், விஷ்ணு கோயிலில், ருத்ரனை நெஞ்சில் வைக்காதவர்களைச் சபிக்கிற ஒரு வாசகம் வேறு வெட்டியிருக்கிறது. கணேச ரதத்திலும் தர்மராஜ மண்டபத்திலும் இருக்கிற அதே சாபம். யாரோ பின்னால் வந்து வெட்டியிருக்க வேண்டும். சுவரை வெட்டிய நாளும் அதில் எழுத்து வெட்டிய நாளும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதை இதைவிடக் காரமாகச் சொல்ல முடியாது.

இன்னொரு சாட்சி ஏட்டில் இருந்து வருகிறது. காஞ்சியில் இருந்த தண்டி தன் அவந்திசுந்தரி கதையின் முன்பகுதியில் மாமல்லபுரத்துக்கு வந்துபோனதைச் சொல்கிறார். லலிதாலயர் என்ற சிற்பி, கடலோரத்தில் பள்ளிகொண்ட திருமாலின் உடைந்த கையை ஒட்டுத் தெரியாமல் சரிசெய்திருந்தாராம். அதைப் பார்க்கத்தான் போனார்கள். கடற்கரைக் கோயிலில் இரண்டு சிவன் சன்னதிகளுக்கு நடுவே தாய்ப்பாறையிலேயே வெட்டிய திருமால் இன்றும் படுத்திருக்கிறார். தண்டி ராஜசிம்மன் காலத்தவர். அவர் பார்த்தபோதே கை உடைந்து ஒட்டியிருந்தது என்றால் சிலை அதற்கு முன்னமே இருந்திருக்க வேண்டும் அல்லவா? எனக்கு இது ஆசையான சாட்சி, ஒரு சிற்பியின் பெயரும் கிடைக்கிறதே. ஆனால் செய்து முடித்த மறுமாதமே கை உடைந்த சிலைகளை நான் பார்த்திருக்கிறேன். எவ்வளவு முன்னால் என்பதை ஒட்டுப்போட்ட கை சொல்லாது.

பட்டறைக்கு வருகிற காலேஜ் பையன்கள் இதை எல்லாம் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். “எதுக்குண்ணே இவ்வளவு சண்டை? கார்பன் டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடுமே.”

தெரியாது, தம்பி. கார்பன் பார்ப்பதற்கு ஒருகாலத்தில் உயிரோடு இருந்த பொருள் வேண்டும். மரம், கரி, எலும்பு, தானியம். உயிர் போன பிறகு அதிலுள்ள ஒருவகைக் கார்பன் 5,730 ஆண்டுக்குப் பாதியாகக் குறையும், அதை அளந்து காலம் சொல்வார்கள். கல்லுக்கு அது கிடையாது. கல்லின் வயதைக் கேட்டால் எங்கள் ஊர்ப் பாறை 200 கோடி ஆண்டுக்கும் மேல் என்று புவியியலாளர் சொல்வார், அதை வைத்துப் பல்லவனைத் தேட முடியாது. மணல் கடைசியாக வெயிலைப் பார்த்தது எப்போது என்று சொல்லும் சோதனை இருக்கிறது. எங்கள் சிற்பங்களோ செதுக்கிய நாளில் இருந்து வெயிலில்தான் நிற்கின்றன. உளித்தடத்தைப் பார்த்தாவது சொல்லலாமா என்றால், பல்லவன் உளிக்கும் என் தாத்தாவின் உளிக்கும் தடத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. கட்டர் மெஷின் வந்த பிறகு செய்ததை மட்டும் யாரும் கண்டுபிடிக்கலாம்.

கரி கிடைத்த இடத்திலும் விவகாரம் தீர்ந்துவிடுவதில்லை. எகிப்தில் கூஃபுவின் பெரிய பிரமிடு உட்படப் பழைய பிரமிடுகளில் கற்களுக்கு இடையே பூசிய சாந்தில் கரித்துணுக்குகள் உண்டு, சாந்து காய்ச்ச எரித்த விறகில் இருந்து வந்தவை. 1984-இல் அவற்றைச் சோதித்தபோது வரலாற்றாசிரியர்கள் சொல்வதைவிடச் சராசரியாக 350 ஆண்டுக்கும் மேல் பழசாக விடை வந்தது. 1995-இல் மறுபடி நிறைய மாதிரி எடுத்தார்கள். வித்தியாசம் 100 முதல் 200 ஆண்டாகக் குறைந்தது, மறையவில்லை. பழைய மரச்சாமான்களையும் குப்பை மரத்தையும் அடுப்பில் போட்டிருப்பார்கள் என்பது விளக்கம். விறகின் வயது அடுப்பு எரிந்த நாளைச் சொல்லாது.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒன்று மேற்கு ஜாவாவில் நடந்தது. குனுங் பதாங் என்ற மலையில் எரிமலைக் கல்தூண்களை அடுக்கிய படித்தளங்கள் இருக்கின்றன. அதன் அடியில் துளையிட்டு எடுத்த மண்ணில் கார்பன் பார்த்து, உள்ளே இருக்கும் கட்டுமானம் 27,000 ஆண்டு வரை பழசு, உலகின் முதல் பிரமிடு என்று 2023-இல் ஓர் ஆய்விதழில் கட்டுரை வந்தது. உலகமெங்கும் தலைப்புச் செய்தி. 2024-இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. மண் பழசுதான், ஆனால் அந்த மண்ணில் மனிதக் கை பட்டதற்கு எந்த அடையாளமும் இல்லை என்பதே காரணம். சோதனைச்சாலை பொய் சொல்லவில்லை. மண்ணின் வயதைக் கேட்டார்கள், அது மண்ணின் வயதைச் சொன்னது.

எங்கள் பக்கத்திலும் ஆசைக்குக் குறைவில்லை. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு சாளுவன்குப்பத்தில் ஒரு பாறைக் கல்வெட்டு வெளிப்பட்டு, அது முருகன் கோயிலைச் சொல்ல, மறு ஆண்டு தோண்டினார்கள். பல்லவர் காலக் கல் கோயிலின் அடியில் செங்கல் கோயில் ஒன்று கிடைத்தது. வெளியே கல்லில் ஒரு வேலும் இருந்தது. செங்கல்லின் அளவையும் கோயில் வடக்கு பார்த்திருப்பதையும் காட்டி, சங்க காலக் கோயில் என்றார்கள். மறுத்தவர்களும் உண்டு. ஆனால் “தமிழகத்தின் மிகப் பழைய முருகன் கோயில்” என்ற வரி மறுப்பைவிட வேகமாக ஓடியது. கீழடி கரித்துண்டில் இருந்து கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வந்ததும், அது கூடுதல் என்றும் குறைவு என்றும் கட்சி கட்டியதையும் எல்லோரும் பார்த்தோம். அங்கே ஒவ்வொரு நூற்றாண்டுக்கும் ஒரு கொடி கட்டியிருக்கிறது. பின்னால் தள்ளினால் ஒருவருக்கு மகிழ்ச்சி, முன்னால் இழுத்தால் இன்னொருவருக்கு. எந்த அடுக்கில் எந்தப் பொருளைச் சோதித்தார்கள் என்று கேட்கிறவனைக்கூட நீ எந்தப் பக்கம் என்றுதான் திருப்பிக் கேட்கிறார்கள்.

மாமல்லபுரத்தில் அந்தத் தொல்லை இல்லை. கொள்ளுத்தாத்தா ஜெயித்தாலும் கொள்ளுப்பேரன் ஜெயித்தாலும் பல்லவன்தான், காஞ்சிதான். தமிழனின் பெருமை ஓர் அங்குலம் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. அரை நூற்றாண்டு முன்பின் என்பதற்காக யாரும் பஸ்ஸை மறிக்க மாட்டார்கள். அதனால்தான் இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறேன். பட்டப்பெயர், எழுத்து, தூண், சோமாஸ்கந்தர், தண்டியின் சாட்சி, கூலியாள் கணக்கு என்று காலத்தைக் கண்டுபிடிக்க மனிதர்கள் கையில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எங்கே வழுக்கும் என்பதை ஒரே நாளில், இரண்டு கிலோமீட்டர் நடைக்குள் காட்டிவிடலாம். எந்தக் கோபமும் இல்லாமல் காட்டலாம். இங்கே பழகிய பிள்ளை நாளைக்குக் கொடி கட்டிய இடத்துக்குப் போனாலும் எதைச் சோதித்தார்கள் என்று கேட்கும்.

சுற்றுலாப் பயணிக்கு இதெல்லாம் குழப்பம், ஒரு பெயர் ஒரு வருஷம் போதும் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டறையில் சிலை வாங்க வந்தவரிடம் இந்த வழக்கைச் சொல்லத் தொடங்கினால் விலை பேச மறந்துவிட்டுக் கேட்கிறார். ‘இதை மாமல்லன் செய்தான்’ என்றால் தலையாட்டுவார். ‘இது யாருடையது என்று இன்னும் சண்டை நடக்கிறது, காரணம் அதோ மேலே இருக்கிற அந்த எழுத்து’ என்றால் கழுத்தைத் தூக்கிப் பார்ப்பார். யுனெஸ்கோ 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்த இடம். கழுத்தைத் தூக்க வைப்பதற்கு ஒரு வரி செலவழிக்கலாம்.

தர்மராஜ ரதத்துக்கு நான் எழுதிப் பார்த்தது இது:

‘தர்மராஜ ரதம். ஒரே பாறையில் மேலிருந்து கீழாக வெட்டியது, வேலை முடியவில்லை. மேல்தளங்களில் நரசிம்மன் என்ற பெயரும் பல பட்டங்களும், மூன்றாம் தளத்தில் மேற்கே அத்யந்தகாம பல்லவேசுவர கிருகம் என்ற கோயில் பெயரும் வெட்டியிருக்கின்றன. இதைத் தொடங்கியவன் 7-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆண்ட முதலாம் நரசிம்மன் என்பவர்கள், எழுத்தையும் மேல்தளச் சோமாஸ்கந்தரையும் சாட்சியாகக் காட்டுகிறார்கள். 700-ஐ ஒட்டி ஆண்ட ராஜசிம்மன் என்பவர்கள், அதே பட்டங்கள் காஞ்சி கைலாசநாதர் கோயிலில் அவனுக்கு இருப்பதைக் காட்டுகிறார்கள்.’

தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றிலும் எழுதினாலும் ஒரு பலகைக்குள் அடங்கும். கல்லில் வெட்டித் தரச் சொல்லி எங்கள் தெருவுக்கு வர வேண்டாம், பெயிண்டில் எழுதினால் போதும். திருத்த வேண்டி வரும்.